பழைய சிந்தசைசர் வாங்கப் போகிறீர்களா? இங்கே திருத்தக்கூடிய பழுது எது, திருத்த முடியாத பழுது எது?

"பழைய கீபோட் ஒன்று விலைக்கு வந்திருக்கு. வாங்கலாமோ?" மாதத்தில் இரண்டு மூன்று பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். போனில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். படத்தில் கீபோட் பளபளவென்று இருக்கும். கேட்பவர் கோயில் திருவிழா மேடையில் வாசிக்கும் இளைஞராக இருப்பார், அல்லது தேவாலயப் பாடகர் குழுவுக்காக வாங்க வந்தவராக இருப்பார். சில வேளைகளில் மகளின் ஆசைக்காகச் சீட்டுக் காசைக் கையில் வைத்திருக்கும் தாயாக இருப்பார்.

நான் கிளிநொச்சியில் இருந்துகொண்டு நீண்டகாலமாக மேடைகளில் கீபோட் வாசிக்கிறேன். பழுதானவற்றைத் திறந்து திருத்தியும் வருகிறேன். என்னுடைய அனுபவத்தில் படத்தைப் பார்த்துப் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல இது. ஆனால் அரைமணி நேரம் முறையாகச் சோதித்தால் பெரும்பாலும் சரியான பதில் கிடைத்துவிடும்.

2022 இல் ஒரு டொலர் 200 ரூபாவில் இருந்து சில மாதங்களுக்குள் 350 ரூபாவைத் தாண்டியது. அதன் பிறகு புதிய சிந்தசைசர் என்பது எங்களில் பலருக்கு எட்டாத பொருளாகிவிட்டது. ஆகவே பழையதைத்தான் வாங்குகிறோம். பழையதில் பழுது இருக்கும். பழுதே இல்லாததைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. கேட்கவேண்டிய கேள்வி வேறு: இந்தப் பழுதை இங்கே, எங்கள் ஊரில், எங்கள் கையில் இருக்கும் காசில் திருத்த முடியுமா? ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பவர் பாகத்தை இணையத்தில் வாங்கி அடுத்த கிழமை மாட்டிவிடுவார். நாங்கள் கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கவேண்டும். அங்கும் "இதற்குப் பாகம் இல்லை" என்று திரும்பி வந்தவற்றை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில், எதை வாங்குகிறீர்கள்?

எல்லாவற்றையும் "கீபோட்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் வகைகள் வேறு. யமஹா பி.எஸ்.ஆர் வரிசை போன்றவற்றில் ஒலிபெருக்கி உள்ளேயே இருக்கும், தாளமும் தானாக ஓடும். வீட்டில் பழகுவதற்கும் தனியாக வாசிப்பதற்கும் இவை போதும். சிந்தசைசர் என்பது ஒலியை நாமே உருவாக்கி, மாற்றி, சேமிக்கும் கருவி. ரோலண்ட் ஜூனோ, கோர்க் ட்ரைட்டன், யமஹா மோட்டிஃப் போன்றவை இந்தப் பக்கம் வரும். இவற்றில் பெரும்பாலும் ஒலிபெருக்கி இருக்காது.

ஒலிபெருக்கி இல்லாததை வாங்கினால் ஹெட்போன் அல்லது அம்பிளிஃபயர் தேவை. அதன் விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கவேண்டும். முதன்முதலாகப் பழகப்போகும் பிள்ளைக்கு 1980களின் சிந்தசைசரை வாங்கிக் கொடுக்கவேண்டாம் என்பதே என் ஆலோசனை. அவை அருமையான கருவிகள். ஆனால் பராமரிப்பு தெரிந்த கைக்குரியவை.

போவதற்கு முன்

மாதிரியின் முழுப் பெயரையும் எழுத்து, எண் மாறாமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். யமஹா, ரோலண்ட், கோர்க் மூன்றும் பல பழைய மாதிரிகளின் கைநூல்களைத் தங்கள் இணையத்தளங்களில் இலவசமாக வைத்திருக்கின்றன. கைநூலில் இரண்டு விடயங்களைத் தேடுங்கள்: எத்தனை வோல்ற் மின்சாரம் தேவை, தொழிற்சாலை நிலைக்கு எப்படித் திருப்புவது.

விற்பவரிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள்: "நான் வந்த பிறகு போடுங்கோ. அதுவரைக்கும் போடவேண்டாம்." சில பழுதுகள் கருவி குளிர்ந்திருக்கும்போது மட்டும் தெரியும். ஏற்கனவே அரைமணி நேரம் ஓடிச் சூடேறிய கருவி அதை மறைத்துவிடும்.

கையில் கொண்டுபோகவேண்டியவை: ஹெட்போன், அதைப் பெரிய துளைக்கு மாற்றும் 6.35 மி.மீ. பிளக், ஒரு ரோச் லைற், ஒரு பென் டிரைவ், இருந்தால் சஸ்ரெயின் பெடல், சுருதி பார்க்கும் ரியூனர் செயலி போட்ட போன். மின்சாரம் அளக்கும் மல்ரிமீற்றர் வைத்திருக்கும் நண்பர் ஒருவரும் கூட வந்தால் இன்னும் நல்லது.

எந்த நாட்டு மின்சாரத்துக்குச் செய்தது?

எங்கள் பகுதியில் கருவி கெட்டுப்போவதற்கு நான் கண்ட காரணங்களில் முக்கியமானது இது. இலங்கையில் 230 வோல்ற். கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ற். ஜப்பானில் 100 வோல்ற். இங்கிலாந்து, ஐரோப்பா, அவுஸ்திரேலியாவில் எங்களைப் போல 230. சித்தப்பா கனடாவில் இருந்து அன்போடு அனுப்பிய கருவியை, பிளக்கை மட்டும் மாற்றி எங்கள் சுவரில் செருகினால் ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிடலாம்.

பின்பக்கத்திலோ அடியிலோ ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். "100–240" என்று இருந்தால் கவலை இல்லை. 120 என்றோ 100 என்றோ மட்டும் இருந்தால், மின்சாரத்தை இறக்கித் தரும் மின்மாற்றி வேண்டும். பெரும்பாலான சிந்தசைசர்கள் 50 வாட்டுக்குக் குறைவாகவே எடுக்கும் என்பதால் 100 வாட் மின்மாற்றி பொதுவாகப் போதும். ஆனால் 120க்கு இறக்குவதும் 100க்கு இறக்குவதும் ஒன்றல்ல. தகட்டில் உள்ள எண்ணைக் காட்டிக் கேட்டு வாங்குங்கள்.

வெளியே அடப்டர் வைத்து ஓடும் கருவியானால் மூன்றைப் பாருங்கள்: வோல்ற், அம்பியர், முனையின் துருவம். அம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை. வோல்ற்றும் துருவமும் மாறக்கூடாது. யமஹாவில் பொதுவாக நடுமுனை நேர், ரோலண்டிலும் பழைய கசியோவிலும் பொதுவாக நடுமுனை எதிர். பிளக்கின் பருமன் ஒன்றாக இருக்கலாம், துருவம் ஒன்றாக இருக்காது. "எல்லாத்துக்கும் போடலாம்" என்று விற்கும் அடப்டரைச் செருகமுன் கருவியில் வரைந்திருக்கும் சின்னத்தைப் பாருங்கள்.

2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டோம். மின்சாரம் திடீரெனப் போய், திரும்ப வரும்போது ஏற்றத்தோடு வரும். அது பழைய கருவியின் மின்வழங்கும் பகுதியைத்தான் முதலில் தாக்கும். ஆகவே போட்டவுடன் ஹெட்போனில் கேளுங்கள். கட்டை ஒன்றும் அழுத்தாமல், சத்தத்தை முழுதாகக் கூட்டுங்கள். மெல்லிய இரைச்சல் எல்லாவற்றிலும் உண்டு. வண்டு ரீங்காரம் போல உறுமல் வந்தால் மின்வழங்கும் பகுதியில் கொண்டென்சர்கள் களைத்திருக்கலாம். அந்தக் கொண்டென்சர்கள் சாதாரணப் பாகங்கள், நல்ல றேடியோ திருத்துபவர் மாற்றித் தருவார். அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

வெளித்தோற்றம் சொல்லும் கதை

பளபளப்பை நம்பவேண்டாம். பொலிஷ் போட்டுத் துடைக்க ஐந்து நிமிடம் போதும். அடியில் உள்ள திருகாணிகளைப் பாருங்கள். தலை தேய்ந்திருந்தால் யாரோ பலமுறை திறந்திருக்கிறார்கள். அது குற்றமல்ல. ஏன் திறந்தது, என்ன மாற்றியது என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரவேண்டும்.

கறளைத் தேடுங்கள். தீபகற்பத்திலும் கடற்கரைக் கிராமங்களிலும் உப்புக் காற்று எந்த உலோகத்தையும் விடாது. வயர் செருகும் துளைகளுக்குள் ரோச் அடித்துப் பாருங்கள். மேற்பரப்பில் மெல்லிய கறள் என்றால் துடைக்கலாம். பச்சை நிறமோ வெள்ளை மாவோ தெரிந்தால் உள்ளே போயிருக்கிறது. வெள்ளத்தில் அகப்பட்ட கருவியா என்று நேரடியாகவே கேளுங்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது என்று எங்களுக்குத் தெரியும். நனைந்து காய்ந்த கருவி இன்றைக்கு வேலை செய்யும். ஆனால் அரிப்பு உள்ளே தொடர்ந்துகொண்டே இருக்கும். கட்டைகளுக்கு இடையில் சேற்றுக் கோடு, உள்ளே இருந்து பூஞ்சண மணம் இரண்டும் சேர்ந்திருந்தால் வாங்கவேண்டாம்.

கருவியை மெதுவாகச் சரித்துக் காதைக் கொடுங்கள். ஏதாவது உருண்டால் உடைந்த துண்டோ கழன்ற திருகாணியோ உள்ளே இருக்கிறது. எறும்புக் கூடும் கரப்பொத்தான் எச்சமும் நான் திறந்த பல கருவிகளில் கண்டவை. துப்புரவு செய்யலாம், ஆனால் பல்லி செத்துக் கிடந்த இடத்துச் சேர்க்கிட்டைக் கவனமாகப் பார்க்கவேண்டும்.

கட்டைகள்: ஒன்றையும் விடவேண்டாம்

61 கட்டை என்றால் அறுபத்தொன்றையும் அழுத்துங்கள். முதலில் ஓர்கன் போல நீண்டு ஒலிக்கும் ஒலியை எடுத்து ஒவ்வொன்றாகப் பிடியுங்கள். ஒலி அறுந்து அறுந்து வருகிறதா என்று தெரியும். பிறகு பியானோ ஒலிக்கு மாறி ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக ஒருமுறை, பலமாக ஒருமுறை அழுத்துங்கள்.

ஏன் இரண்டு முறை? ஒவ்வொரு கட்டையின் கீழும் இறப்பர்ப் பட்டி ஒன்றில் இரண்டு கரித் தொடுகைகள் இருக்கும். கட்டை இறங்கும்போது முதலில் ஒன்று தொடும், பிறகு மற்றது தொடும். இரண்டுக்கும் இடைப்பட்ட மிகச் சிறிய நேரத்தை அளந்துதான் எவ்வளவு பலமாக அழுத்தினோம் என்று கருவி அறிகிறது. தொடுகையில் தூசி படிந்தால் மெதுவாகத் தொட்டாலும் கத்தும், அல்லது சத்தமே வராது. இதைக் கண்டு பயப்படவேண்டாம். கருவியைத் திறந்து, ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைத்தால் பெரும்பாலும் சரிவரும். தின்னரும் பெற்றோலும் தொடவே வேண்டாம், அவை கரியையும் இறப்பரையும் கெடுத்துவிடும். இறப்பர்ப் பட்டி கிழிந்திருந்தால்தான் சிக்கல். அது மாதிரிக்கு மாதிரி வேறு.

உடைந்த கட்டை ஒன்று இருந்தால் உடனே கைவிடவேண்டாம். ஒரே பெயருள்ள கட்டைகள் பொதுவாக ஒரே வடிவம். நடுவில் உடைந்த ஒன்றுக்குப் பதிலாக, அதிகம் தொடாத கீழ் ஓரத்தில் இருந்து அதே சுரக் கட்டையைக் கழற்றி மாட்டலாம். கட்டைகளின் மட்டத்தைப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். ஒன்றிரண்டு தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங்கோ அடியில் உள்ள மெத்தைப் பட்டியோ போயிருக்கலாம்.

ரோலண்டின் சில பழைய மாதிரிகளில், 1991 இல் வந்த ஜே.டி-800 போன்றவற்றில், கட்டைக்குள் பாரத்தை ஒட்டிய சிவப்புப் பசை காலப்போக்கில் இளகி வழியும். எங்கள் வெயிலைச் சொல்லவே வேண்டாம். கட்டைகளின் அடியில் சிவப்பாக ஒட்டினால் முழுக் கட்டைகளையும் கழற்றிச் சுத்தம் செய்யும் வேலை காத்திருக்கிறது.

பிச் பெண்ட்: எங்கள் இசைக்கு உயிர் அங்கேதான்

மேற்கத்தேயப் பாடல் மட்டும் வாசிப்பவருக்கு இடப்பக்கத்தில் உள்ள அந்தச் சக்கரமோ நெம்போ இரண்டாம் பட்சம். எங்களுக்கு அப்படியல்ல. நாதஸ்வரத்தின் அசைவையும் புல்லாங்குழலின் வழுக்கலையும் கீபோட்டில் கொண்டுவருவது அதுதான். கமகம் அங்கேதான் பிறக்கிறது. அதனாலேயே எங்கள் மேடைகளில் முதலில் தேய்வதும் அதுதான்.

சோதனை எளிது. நீண்டு ஒலிக்கும் ஒலியை எடுத்து, நடு 'சி'க்கு மேலுள்ள 'ஏ' சுரத்தைப் பிடியுங்கள். ரியூனரில் 440 காட்டவேண்டும். பிச் பெண்டை மேலே தள்ளி விடுங்கள், திரும்ப 440க்கு வருகிறதா? கீழே இழுத்து விடுங்கள், வருகிறதா? பத்துத் தடவை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நின்றால் உள்ளே உள்ள தடை தேய்ந்திருக்கிறது. மேடையில் நாதஸ்வரக்காரரும் பாடகரும் ஒரு சுருதியில் நிற்க, நீங்கள் மட்டும் விலகி நிற்பீர்கள்.

தொடக்கத்திலேயே 440 காட்டவில்லையா? அது பழுதாக இருக்கவேண்டிய அவசியமில்லை. முன்பு வைத்திருந்தவர் யாருக்காகவோ சுருதியை மாற்றி வைத்திருக்கலாம். ட்ரான்ஸ்போஸ், மாஸ்ரர் ரியூன் இரண்டையும் பாருங்கள்.

சஸ்ரெயின் பெடலைச் செருகியபோது அழுத்தாதபோது ஒலி நீண்டு, அழுத்தும்போது நின்றால் அதுவும் பழுதல்ல. பெடலின் துருவம் கம்பனிக்குக் கம்பனி மாறும். பல கருவிகள் போடும்போதே பெடலை அடையாளம் காண்கின்றன. கருவியை நிறுத்தி, பெடலில் கால் வைக்காமல் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

குமிழ், பொத்தான், திரை, வயர்த் துளை

ஒவ்வொரு குமிழையும் மெதுவாகத் திருப்புங்கள். கரகரத்தால் தூசி. தொடுகைத் துப்புரவுத் திரவம் தெளித்துப் பலமுறை திருப்பினால் பெரும்பாலும் போய்விடும். எல்லாப் பொத்தான்களையும் அழுத்துங்கள். ஒருமுறை அழுத்த இருமுறை வேலை செய்யும் பொத்தான் தேய்ந்தது. அந்தச் சிறு சுவிச்சுகள் பலவும் பொதுவானவை, மாற்றலாம்.

திரையில் கவனம் தேவை. மங்கலாக இருந்தால் முதலில் வெளிச்ச அமைப்பைக் கூட்டிப் பாருங்கள். கோடு கோடாக எழுத்து மறைந்திருந்தால் திரையையே மாற்றவேண்டிவரலாம். 2006 இல் வந்த ரோலண்ட் ஜூனோ-ஜி இந்தத் திரைப் பழுதுக்குப் பேர்போனது. 1999 இல் வந்த கோர்க் ட்ரைட்டனில் தொடுதிரை. அதன் நான்கு மூலைகளையும் நடுவையும் தொட்டு, தொட்ட இடத்திலேயே வேலை செய்கிறதா என்று பாருங்கள். திரை போனால் கருவியின் பாதி போனமாதிரி, ஒலிகளை மாற்ற வழி இருக்காது.

வெளியே ஒலி தரும் இடது, வலது துளை இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். வயரை மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது ஒலி அறுந்தால் பெரும்பாலும் ஈயப்பற்று விட்டிருக்கும். பத்து நிமிட வேலை. இதைக் காரணம் காட்டி விலையைக் குறைக்கலாம், வாங்காமல் விடத் தேவையில்லை.

குரல்களை எண்ணுங்கள்

ஒரு சிந்தசைசர் ஒரே நேரத்தில் எத்தனை சுரங்களை ஒலிக்க முடியுமோ அத்தனை குரல்கள் அதற்குண்டு. பழைய அனலொக் கருவிகளில் ஒவ்வொரு குரலுக்கும் தனிச் சேர்க்கிட். 1984 இல் வந்த ரோலண்ட் ஜூனோ-106இல் ஆறு குரல்கள். ஒவ்வொன்றுக்கும் 80017ஏ என்ற பாகம். அந்தப் பாகத்தைச் சுற்றிப் பூசிய பசையால் காலப்போக்கில் அது கெடும். ஆறில் ஒன்று மட்டும் கெட்டால் ஐந்து சுரம் நன்றாக இருக்கும், ஆறாவது கரகரக்கும். ஒரே கட்டையை விட்டு விட்டுப் பன்னிரண்டு தடவை அழுத்துங்கள், எல்லாம் ஒரேமாதிரி ஒலிக்கவேண்டும். கீ ட்ரான்ஸ்போஸ் பொத்தானைப் பிடித்தபடி போட்டால் சோதனை நிலைக்குப் போகும், எந்தக் குரல் ஒலிக்கிறது என்று எண்ணிலேயே காட்டும்.

மூலப் பாகம் இப்போது உற்பத்தியில் இல்லை. மாற்றுப் பாகங்களை வெளிநாடுகளில் செய்கிறார்கள். ஆனால் அதை வரவழைத்துப் பொருத்தும் செலவைக் கணக்குப் பார்க்காமல் காசு கொடுக்கவேண்டாம்.

எந்தக் கருவியாக இருந்தாலும் அரைமணி நேரமாவது போட்டு வைத்திருங்கள். தேத்தண்ணி குடித்துக்கொண்டே இருக்கலாம். சூடேறிய பிறகு உறைந்து நிற்கும் கருவிகளும், சுருதி நகரும் கருவிகளும் அப்போதுதான் பிடிபடும்.

பற்றரியும் ஞாபகமும்

1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக் காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறைக்கு ஒரு பற்றரியின் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. பழைய சிந்தசைசர்களுக்குள்ளும் அப்படி ஒரு சிறு பற்றரி இருக்கிறது. 1983 இல் வந்த யமஹா டி.எக்ஸ்.7, 1988 இல் வந்த கோர்க் எம்.1 போன்றவற்றில் சி.ஆர் 2032 வகை நாணயப் பற்றரிதான் சேமித்த ஒலிகளைக் காக்கிறது. அது தீர்ந்தால் ஒலிகள் அழியும், கருவி செத்ததுபோலத் தோன்றும். உண்மையில் சாகவில்லை. பற்றரியை மாற்றி, தொழிற்சாலை ஒலிகளைக் கணினியில் இருந்து மிடி வழியாகத் திரும்ப ஏற்றலாம். பற்றரி சாதாரணக் கடையிலும் கிடைக்கும். ஆனால் பல கருவிகளில் அது ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும், தெரிந்தவர் கையால்தான் மாற்றவேண்டும்.

1981 இன் கோர்க் பொலிசிக்ஸ் போன்ற சிலவற்றில் மீள்மின்னேற்றும் பற்றரி. அது கசிந்து கீழே உள்ள சேர்க்கிட்டையே அரித்துவிடும். திறந்து பார்க்காமல் அதை வாங்கவே கூடாது.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து கவனியுங்கள். கருவியைச் சோதிக்கும்போது தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிப் பார்ப்பது நல்ல வழக்கம். ஆனால் விற்பவரிடம் கேட்காமல் அதைச் செய்யவேண்டாம். அந்த ஞாபகத்துக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

சில வருடங்களுக்கு முன் வடமராட்சியில் ஒரு வீட்டில், ஃபுளொப்பி டிஸ்க் போடும் பழைய கீபோட் ஒன்றை விற்க என்னைக் கூப்பிட்டார்கள். அது அந்த வீட்டு மகனுடையது. வன்னிக்குப் போகும்போது வீட்டில் விட்டுவிட்டுப் போனவர். 2009 இற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பெட்டியில் இருந்த டிஸ்க்குகளில் ஒன்று மட்டும் வாசித்தது. மூன்று பாடல்கள் இருந்தன. இப்படிச் சேமிப்பது குரலை அல்ல. எந்தக் கட்டையை, எந்தக் கணத்தில், எவ்வளவு பலமாக அழுத்தினார், எப்போது விட்டார் என்பதை மட்டுமே அது எழுதி வைக்கும். போட்டவுடன் அவருடைய தங்கச்சி சொன்னா, "அண்ணாதான். இடக்கையைக் கொஞ்சம் பிந்தித்தான் போடுவார்." அந்தப் பிந்தல் அப்படியே இருந்தது. கோப்புகளைப் பென் டிரைவுக்கும் அவர்களுடைய போனுக்கும் மாற்றிக் கொடுத்தேன். கீபோட்டை விற்றார்கள், அவர்களுக்குக் காசு தேவைப்பட்டது. பாடல்களை வைத்துக்கொண்டார்கள்.

ஆகவே வாங்குமுன் கேளுங்கள்: "இதுக்குள்ள நீங்கள் வைச்சிருக்கவேண்டியது ஏதும் இருக்கோ?" பென் டிரைவ் கொண்டுபோகச் சொன்னது உங்களுக்காக மட்டுமல்ல. ஃபுளொப்பிகளை எறியவும் விடவேண்டாம். காந்தத்துக்கும் ஈரத்துக்கும் அவை தாங்காது. இன்றைக்கு வாசிப்பது அடுத்த மாரிக்குப் பிறகு வாசிக்காமல் போகலாம்.

மிடி இருந்தால் ஆயுள் கூடும்

பின்பக்கத்தில் ஐந்து முனை கொண்ட வட்டத் துளைகள் இருக்கும். அதுதான் மிடி. 1983 இல் கம்பனிகள் ஒன்றுகூடி ஏற்றுக்கொண்ட பொது மொழி அது. அன்றைய கருவி இன்றைய கணினியோடும் பேசும். ஒலிப்பகுதி பழுதாகி, கட்டைகளும் மிடியும் நல்லாக இருக்கும் கருவியைக் குறைந்த விலைக்கு வாங்கிக் கணினிக்குக் கட்டைப்பலகையாகப் பாவிக்கலாம். பாடல் பதிவு செய்யும் இளைஞர்களுக்கு இது நல்ல வழி. யு.எஸ்.பி துளை இருந்தால் போனிலோ கணினியிலோ செருகிக் கருவியை அடையாளம் காண்கிறதா என்று பாருங்கள். பழைய மாதிரிகளுக்கு இன்றைய கணினியில் இயக்கி மென்பொருள் கிடைக்காமல் போவதுண்டு. அப்போதும் வட்டத் துளை கைகொடுக்கும்.

விற்பவர், விலை, கடன்

தொடர் இலக்கத்தைப் படம் எடுங்கள். அது சுரண்டப்பட்டிருந்தால் வந்த வழியே திரும்புங்கள். வாங்கிய பற்றுச்சீட்டு இல்லாவிட்டால், விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொடர் இலக்கம், விலை எழுதி இருவரும் கையெழுத்து வைத்த ஒரு தாள் போதும். கோயிலில் இருந்தோ பாடசாலையில் இருந்தோ களவுபோன கருவி உங்கள் வீட்டில் பிடிபட்டால், கேள்வி உங்களிடம்தான் வரும்.

விலை பேசும்போது பழுதைக் காட்டிப் பேசுங்கள், ஆளைப் பார்த்துப் பேசவேண்டாம். எங்கள் பகுதியில் கருவியை விற்பவர் பலர் கஷ்டத்தில் விற்பவர்கள். திருத்தச் செலவைக் கழித்துக் கேட்பது நியாயம். அவர் அவசரத்தை அறிந்து அடிமாட்டு விலைக்குக் கேட்பது நியாயமல்ல.

நுண்கடன் எடுத்துக் கீபோட் வாங்கவேண்டாம். மேடை வருமானம் வரும், கட்டிவிடலாம் என்று கணக்குப் போடுவார்கள். திருவிழாக் காலம் முடிந்தால் மேடை இல்லை, கிழமைக் கட்டுக்காசுக்கு ஓய்வில்லை. நுண்கடன் எங்கள் பெண்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று ஒவ்வொரு கிராமமும் சொல்லும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பாவிப்பதும், சனசமூக நிலையத்துக்கோ தேவாலயத்துக்கோ பொதுவாக வாங்குவதும் அதைவிட நல்லது.

மூன்று கூடைகள்

சோதித்து முடிந்ததும் ஒரு தாளில் மூன்று கூடையாகப் பிரித்து எழுதுங்கள்.

முதல் கூடை, துடைத்தால் சரிவருபவை: கரகரக்கும் குமிழ், தூசி படிந்த கட்டைத் தொடுகை, மாறிக்கிடக்கும் சுருதி அமைப்பு. இவற்றுக்காக விலையைக் கொஞ்சம் குறையுங்கள், வாங்குங்கள்.

இரண்டாவது கூடை, ஊரில் மாற்றக்கூடியவை: நாணயப் பற்றரி, வயர்த் துளை, அடப்டர், மின்வழங்கும் பகுதியின் கொண்டென்சர், சிறு சுவிச்சு, 100 அல்லது 120 வோல்ற்றுக்கான மின்மாற்றி. திருத்துபவரிடம் செலவைக் கேட்டு, அதைக் கழித்து விலை பேசுங்கள்.

மூன்றாவது கூடை, இங்கே கிடைக்காதவை: திரை, தொடுதிரை, குரல் பாகம், கிழிந்த இறப்பர்ப் பட்டி, பற்றரி கசிந்து அரித்த சேர்க்கிட், வெள்ளம் புகுந்த உள்ளகம். இந்தக் கூடையில் ஒன்று இருந்தாலே, அது இல்லாமல் அந்தக் கருவியால் உங்கள் வேலை நடக்குமா என்று உங்களையே கேளுங்கள். நடக்காது என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். மலிவான கருவியை வாங்கி மூலையில் வைப்பதைவிட விலையுயர்ந்த செலவு வேறில்லை.

வாங்கியபின் செய்யவேண்டியது அதிகமில்லை. துணியால் மூடுங்கள். கடற்கரைப் பக்கம் என்றால் சிலிக்கா ஜெல் பைகள் சிலவற்றைப் பெட்டிக்குள் போடுங்கள். மின்வெட்டு வந்தால் பிளக்கைக் கழற்றி, மின்சாரம் வந்து ஐந்து நிமிடம் கழிந்தபின் செருகுங்கள். உங்கள் ஒலிகளையும் பாடல்களையும் மாதம் ஒருமுறை பென் டிரைவுக்கு மாற்றி, அந்தப் பென் டிரைவை வேறொரு வீட்டில் வையுங்கள்.